மூலைக்கு மூலை

ரேவதி அம்மா போன மாதம் மத்திகிரியில் என் வீட்டுக்கு வந்தார். நான் வேலை பார்த்த காண்ட்ராக்டரிடம் அவர் இப்போது பாதுகாப்பு அதிகாரி. கையில் இருந்த போனைத் திருப்பிக் காட்டினார். கிரேன் கொக்கியில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். பாரத்தைத் தூக்கும்போது கயிறு எத்தனை டிகிரியில் நிற்கிறது, ஒவ்வொரு கயிறும் எத்தனை டன் இழுக்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லும். போனில் எண் வரும். அளவு தாண்டினால் சிவப்பாகிவிடும்.

"இது இல்லாம இத்தன வருஷம் எப்படிண்ணா ஓட்டுனீங்க? எழுதிக் குடுங்க. பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு புத்தகம் போடறோம்."

"எனக்கு எழுத வராதும்மா."

"பேசறதும் வராதுன்னுதான் ஆளுங்க சொல்றாங்க. எழுதியாவது பாருங்களேன்."

அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மாதேஷ். எட்டாவது வரை படித்தேன். நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வந்தேன். பாரமான இயந்திரங்களை லாரியிலிருந்து இறக்கி, ஷெட்டுக்குள் கொண்டுபோய், அதனதன் இடத்தில் உட்கார வைக்கிற கேங்கில் சேர்ந்தேன். பதிவேட்டில் எங்களுக்கு ரிக்கர் என்று பெயர். வெளியே கேட்டால் மிஷின் ஏத்தறவங்க என்பார்கள்.

முதல் நான்கு வருஷம் நான் செய்தது ஒரே வேலை. இயந்திரத்தை உருளைக் குழாய்கள் மேல் வைத்துத் தள்ளுவார்கள். பின்னால் வெளியே வரும் குழாயை எடுத்து ஓடிப்போய் முன்னால் போட வேண்டும். அந்த நான்கு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மேஸ்திரி முனியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கேங்கில் எட்டுப் பேர். மூன்று பேருக்குத் தமிழ், மூன்று பேருக்குத் தெலுங்கு, இரண்டு பேருக்குக் கன்னடம். எல்லோருக்கும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனால் பத்து டன் தொங்கும்போது கொஞ்சம் கொஞ்சம் தெரிவது போதாது. ஒருமுறை ஒருவர் "ஆகு" என்று கத்தினார். தெலுங்கில் அது நில் என்று அர்த்தம். புதிதாக வந்த தமிழ் ஆள் என்ன என்று கேட்கத் திரும்பினான். அதற்குள் ஒரு சுவர் போய்விட்டது. அன்றிலிருந்து தூக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முனியப்பா சொல்லிவிட்டார். எல்லாம் கைதான். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சின்ன வட்டம் போட்டால் ஏற்று. கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கையை நீட்டினால் நில்.

அந்தப் பழக்கம் அவரை விட்டு எங்கேயும் போகவில்லை. டீக்கடையில் சர்க்கரை போடும்போது உள்ளங்கையைக் கவிழ்ப்பார். கடைக்காரர் கரண்டியை அப்படியே நிறுத்திவிடுவார். அவர் மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியுடன் வந்தவனிடம் விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டார். அவன் புரியாமல் வாளியைத் தரையில் வைத்துவிட்டான். நாங்கள் எட்டுப் பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம்.

புதிதாக யார் வந்தாலும் முனியப்பா ஒரு பந்தயம் வைப்பார். எனக்கும் வைத்தார். என்னோடு அதே வாரம் சேர்ந்தவன் பசவராஜ். ஆனேக்கல் பக்கத்து ஆள். ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. ஒரு வாளி நிறையத் தண்ணீர். அதை ஒரு கயிற்றின் நடுவில் கட்டினார். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார், இன்னொன்றைப் பசவராஜிடம் கொடுத்தார்.

"இழுங்க. கயிறு நேரா நிக்கணும். நின்னா எல்லாருக்கும் போண்டா என்னுது."

"இதுக்கு ரெண்டு பேரு எதுக்கு மேஸ்திரி?" என்றான் பசவராஜ்.

வாளி தரையை விட்டுச் சுலபமாகக் கிளம்பியது. விலகிப் போகப் போகக் கயிறு படுத்துக்கொண்டே வந்தது. வாளி கனத்துக்கொண்டே போனது. தண்ணீர் அதே தண்ணீர்தான். ஒரு சாண் தொய்வு இருக்கும்போது பசவராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆளுக்கு இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். தொய்வு நான்கு விரலுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு நூல் நகரவில்லை. பிறகு வாளியின் கைப்பிடி பிய்த்துக்கொண்டது. ஆறு பேரும் பின்பக்கம் விழுந்தோம். போண்டா வாங்கிக் கொடுத்தது பசவராஜ்.

எங்கள் வேலை முழுக்க அந்த வாளியில் இருக்கிறது. கயிறு செங்குத்தாகத் தொங்கினால் பாரம் எவ்வளவோ அவ்வளவுதான் இழுக்கும். படுக்கப் படுக்க, தூக்குகிற எடையை விடக் கயிற்றின் இழுப்பு பெரிதாகிவிடும். எட்டு டன் இயந்திரம் என்று சொன்னால் போதாது, கயிறு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

இதற்கு முனியப்பாவிடம் ஒரு வழி இருந்தது. நாங்கள் தூக்குவது சிலிங் என்கிற இரும்புக் கயிற்றில். இரண்டு முனையிலும் கண் இருக்கும். ஒரு கண் கிரேன் கொக்கியில் மாட்டும், இன்னொன்று இயந்திரத்தின் காதில் மாட்டும். காது என்பது தூக்குவதற்கென்றே இயந்திரத்தில் வைத்திருக்கும் வளையம். தூக்குவதற்கு முன் முனியப்பா ஒரு கயிற்றை எடுத்து, ஒரு காதிலிருந்து அடுத்த காது வரை இயந்திரத்தின் மேல் படுக்க வைப்பார். கயிறு எட்டினால் தூக்கலாம். எட்டாமல் குறைந்தால் அந்தக் கயிறு வேண்டாம், நீளமானது கொண்டு வா. அவ்வளவுதான். கயிறு எட்டுகிறது என்றால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். கயிறு அறுபது டிகிரியில் நிற்கும். அறுபது நல்லது.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எங்க மேஸ்திரி அப்பிடித்தான் போட்டாரு" என்றார்.

பிறகு ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோர் சுவரில் ஒரு அட்டவணையைப் பார்த்தேன். படம் போட்டு டிகிரி எழுதி எண்கள் கொடுத்திருந்தார்கள். நான்கு வரிகளைப் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். தொண்ணூறுக்கு 0.50. அறுபதுக்கு 0.58. நாற்பத்தைந்துக்கு 0.71. முப்பதுக்கு 1.00. இரண்டு கயிற்றில் தூக்கும்போது மொத்த எடையை இந்த எண்ணால் பெருக்கினால் ஒரு கயிற்றின் இழுப்பு வரும். முப்பதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கவே மறந்தேன். இரண்டு கயிறு போட்டும் ஒவ்வொன்றும் முழு எடையை இழுக்கிறது.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். கயிற்றின் நீளத்தை, கொக்கி காதுகளுக்கு மேல் நிற்கும் உயரத்தால் வகுத்து, பாதியாக்கினால் அதே எண் வந்தது. எந்தக் கயிற்றுக்கும் வந்தது. அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த நோட்டை ரேவதி அம்மாவிடம் காட்டினேன். "இது சைன்ணா. சைனைத் தலைகீழாப் போட்டுப் பாதியாக்கியிருக்கீங்க" என்றார். அது பத்தாவதில் வருமாம். இரண்டு வருஷத்தில் தவறவிட்டிருக்கிறேன்.

முனியப்பாவின் இன்னொரு கருவி செய்தித்தாள். அதில் ஒரு சதுரம் கிழித்து, மூலையோடு மூலை சேர்த்து மடிப்பார். மடிப்பு நாற்பத்தைந்து டிகிரியில் சாய்ந்து நிற்கும். தாளின் அடி விளிம்பைக் கண்ணுக்கு நேராகச் சமமாகப் பிடித்துக்கொண்டு, சாய்ந்த மடிப்பு வழியாக ஷெட்டின் கூரைச் சட்டத்தைப் பார்ப்பார். சட்டம் மடிப்பின் நேரே வரும்வரை பின்னால் நடப்பார். நின்ற இடத்திலிருந்து சட்டத்துக்கு நேர் கீழே வரை தரையில் அளக்க வேண்டும். அதோடு தன் கண் உயரத்தைக் கூட்டினால் கூரையின் உயரம். ஏணி வேண்டாம். பசவராஜ் ஒருமுறை தன் உயரத்தைக் கூட்ட மறந்துவிட்டான். நல்ல ஷெட்டைக் குள்ளமாக்கிவிட்டு, கிரேன் உள்ளே போகாது என்று சாதித்தான்.

இப்போது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி.

முனியப்பாவுக்கு முட்டி போய்விட்டிருந்தது. நெடுநேரம் நிற்க முடியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ நடத்து மாதேஷ். மிஷின் நல்லபடியா உக்காந்துட்டா கேங்கு உன் கையில. இல்லேன்னா பெங்களூருல ஒரு ஆளு ரெடியா இருக்கான். அவன் அவன் ஆளுங்களோடதான் வருவான்."

அவர் கெட்டவர் இல்லை. இருப்பதைச் சொன்னார். பெங்களூர் ஆள் தன் ஆட்களோடு வந்தால் நாங்கள் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

வேலை சிப்காட்டில் ஒரு புது ஷெட். முதலாளி முன்பு ஃபிட்டராக இருந்தவர், சேலத்துக்காரர். சொந்தமாக வைக்கும் முதல் தொழிற்சாலை. இயந்திரத்தின் அடிப்பாகம் மட்டும் எட்டு டன், வார்ப்பு இரும்பு. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், சரியான சதுரம். நான்கு மூலையிலும் நான்கு காது. வியாழக்கிழமை காலையே வர வேண்டியது. சானமாவு காட்டுப் பகுதியில் யானை ரோட்டில் நின்றதால் டிரெய்லர் மறுநாள் விடியற்காலையில்தான் வந்தது. வெளியே கூரை இல்லாததால் நாலு மீட்டர் கயிற்றில் லாரியிலிருந்து இறக்கி, உருளையில் ஷெட்டுக்குள் தள்ளி, அஸ்திவாரத்துக்குப் பத்தடி தூரத்தில் நிறுத்தினோம். மணி ஒன்பதரை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இயந்திரம் தன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அவர் மனைவி தட்டோடு நின்றார். குருக்கள் பஞ்சாங்கத்தோடு நின்றார். இரும்புக்கு மாலை போட்டிருந்தார்கள்.

"கணபதியே வந்து ஒரு நாள் தள்ளி வெச்சாரு. அதுக்கு மேல என்ன நல்ல நேரம்?" என்று பசவராஜ் என் காதில் சொன்னான்.

முனியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கூரையை மடித்த தாளில் பார்த்தேன். சட்டம் ஐந்து மீட்டர் எழுபது. கயிறு நான்கு, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர், ஐந்து டன் தாங்கும். நான்கு கயிறு போட்டாலும் இரண்டுதான் பாரத்தைத் தாங்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவது எங்கள் வழக்கம். நாற்காலிக்குக்கூட நான்கு காலும் ஒன்றாகத் தரையில் படுவதில்லை. கயிற்றை எடுத்து ஒரு காதிலிருந்து பக்கத்துக் காது வரை படுக்க வைத்தேன். சரியாக எட்டியது. அறுபது டிகிரி. எட்டு டன்னை 0.58ஆல் பெருக்கினால் நாலு டன் அறுநூற்று நாற்பது கிலோ. ஐந்துக்குள் இருக்கிறது. முனியப்பாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினார்.

கயிறுகளை மாட்டினோம். கிரேன்காரரிடம் விரலை மேலே காட்டி வட்டம் போட்டேன். இரண்டு அங்குலம் தூக்கியதும் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். எதைத் தூக்கினாலும் இரண்டு அங்குலத்தில் நிறுத்தி நூறு எண்ணுவோம். அதன் பிறகுதான் அடியில் யாரும் கை வைக்கலாம். அன்றைக்கு அஸ்திவாரத்தின் மேல் போனதும் போல்ட் துளைகளை நேர் பார்க்கப் பசவராஜ் அடியில் கை விட வேண்டும்.

அறுபது எண்ணியிருப்பேன். டிக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. காதின் அடியிலிருந்து நகம் அளவுக்குப் பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து மாலையின் மேல் விழுந்தது.

விரலைக் கீழே காட்டினேன். இயந்திரம் தரைக்கு வந்தது.

"என்னாச்சுப்பா?" என்றார் முதலாளி.

"இருங்க."

எனக்கும் தெரியவில்லை. கயிறு எட்டியது, கணக்கு சரி, பெயிண்ட் ஏன் உதிர வேண்டும்? இயந்திரத்தைச் சுற்றி நடந்தேன். பக்கத்திலிருந்து பார்த்தால் கயிறு நன்றாக நிமிர்ந்து நின்றது. மூலைக்கு வந்து நின்று பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் அதே கயிறு படுத்துக் கிடந்தது. கையில் மடித்த தாள் இருந்தது. தூக்கிப் பிடித்தேன். மடிப்பும் கயிறும் ஒன்றாக நின்றன. நாற்பத்தைந்து.

அப்போதுதான் புரிந்தது. கொக்கி நடுவில் நிற்கிறது. நான்கு கயிறும் நான்கு மூலைக்குப் போகின்றன. எதிரெதிர் மூலைகள்தான் ஒன்றையொன்று இழுக்கின்றன. பக்கம் மூன்று மீட்டர்தான், ஆனால் மூலைக்கு மூலை நாலேகால் மீட்டர். நான் பக்கத்தை அளந்துவிட்டு மூலையில் தூக்கியிருக்கிறேன். நோட்டை எடுத்தேன். எட்டை 0.71ஆல் பெருக்கினால் ஐந்து டன் அறுநூற்று எண்பது. கயிறு ஐந்து.

உடனே அறுந்துவிடாதுதான். கயிறு செய்கிறவர்கள் தாராளமாகவே செய்கிறார்கள். ஆனால் காதைச் செய்தவரின் தாராளம் எனக்குத் தெரியாது. அது ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. அதற்கு அடியில் பசவராஜின் கை போகப் போகிறது.

முதலாளியிடம் போனேன். "தப்பு என்னுதுங்க. கயிறு பத்தாது."

"ரெண்டு இஞ்ச் தூக்குனியேப்பா, நல்லாத்தானே வந்துது! இன்னும் பத்தடி. முடிச்சுடு."

"ஆவாதுங்க."

"பெரிய கயிறு போடு."

"நாலு மீட்டர் கயிறு இருக்குது. போட்டா கொக்கி மேல போயிடும். கூரையில கிரேன் இருபது சென்டிமீட்டர் இடிக்கும்."

"நானும் இருவது வருஷம் ஃபிட்டரா இருந்தவன்தான்யா. எனக்குத் தெரியாதா? மணி பத்தாவுது!"

"தெரியுங்க. உங்க கையை அடியில விடச் சொன்னா விடுவீங்களா?"

அவர் போனை எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். கொஞ்சம் கத்திவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"என்ன மாதேஷ், மொத நாளே இப்பிடியா? முனியப்பா அங்கதானே இருக்காரு. அவரு என்னா சொல்றாரு?"

முனியப்பாவைப் பார்த்தேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மடியில் கிடந்தது. மேலே இல்லை, கீழே இல்லை, எந்த சிக்னலும் இல்லை. கேங்கில் மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சொல்றேங்க. தூக்க மாட்டேன்" என்றேன்.

"சரி. திங்கக்கெழம யார்டுல பேசிக்கலாம்." வைத்துவிட்டார்.

குருக்கள் இயந்திரத்துப் பக்கம் வந்து, என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இது என்ன, நாற்பத்தஞ்சு பாகையா?"

"டிகிரிங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். பஞ்சாங்கம் முழுக்க பாகை, கலைதான். உங்க பாகை தப்பினா மிஷின் விழும். என் பாகை தப்பினா தட்சிணை விழாது, அவ்வளவுதான்." அவர் முதலாளியிடம் திரும்பினார். "அஸ்திவாரத்துல முதல் போல்ட்டை இறக்குங்கோ. ஸ்தாபனம் அதோட ஆயிடுத்து. மிஷின் ராகு காலம் போனப்புறம் மெதுவா வந்து அதுமேல உட்காரட்டும்."

"அப்பிடிப் பண்ணலாமா சாமி?"

"வீடு கட்டறச்சே முதல் கல்லைத்தானே வைக்கறோம்? மொட்டை மாடியையா வைக்கறோம்?"

முதலாளியின் மனைவி முதலில் சிரித்தார். போல்ட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள். பத்து இருபதுக்கு அது குழிக்குள் இறங்கியது. தேங்காய் உடைந்தது. பசவராஜ் ஒரு முழு மூடியை வாங்கிக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கிரேனை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினோம். தூக்கினால்தானே கோணம். தூக்காமல் நகர்த்துவது என்று முடிவு செய்தேன். இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் கட்டைகள் மேல் வைத்து அஸ்திவாரத்தின் குறுக்கே பாலம் போட்டோம். ஜாக்கியால் ஒரு பக்கம் அரை அங்குலம், பிறகு மறுபக்கம் அரை அங்குலம் என்று ஏற்றி, அடியில் உருளைகளைக் கொடுத்தோம். செயின் பிளாக்கை ஒரு தூணில் கட்டி இழுத்தோம். செயினை ஒரு முழம் இழுத்தால் இயந்திரம் ஒரு விரல் நகரும். பத்தடி.

ஒரு மணிக்கு முதலாளி பட்டுச் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து செயினைப் பிடித்தார்.

"சார், இன்னிக்கு எங்க கேங்குல சேர்ந்துட்டீங்க. திங்கக்கெழம எங்களோட நீங்களும் வீட்டுக்குத்தான்" என்றான் பசவராஜ்.

"பேசாம இழுப்பா" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

இடத்துக்கு வந்ததும் இறக்குவதுதான் நேரம் பிடிக்கிற வேலை. ஜாக்கியில் ஒரு பக்கம் ஏற்று, ஒரு கட்டையை எடு, இறக்கு. மறுபக்கம் ஏற்று, ஒரு கட்டையை எடு, இறக்கு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காற்றில் நிற்கவே கூடாது. கட்டைகளை எடுக்க யாரும் கை விடவில்லை, நீளமான கம்பியால் தட்டித் தள்ளினோம். நான்கு மணிக்குக் கடைசிக் கட்டை வெளியே வந்தது. குங்குமம் வைத்த போல்ட்டை மேலே இழுத்தோம். துளையில் இடிக்காமல் வந்தது. ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. முதலாளி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாயசம் ஆறிப்போச்சு. பரவால்லையா?" என்றார் அவர் மனைவி. பரவாயில்லை என்று பசவராஜ் நான்கு முறை சொன்னான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் முனியப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "சதுரம் வந்தா எத அளக்கறது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமா, தெரியவில்லை. சனியும் ஞாயிறும் வீட்டில் இருந்தேன். வேறு எங்கே வேலை கேட்கலாம் என்று மனைவியும் நானும் பேசினோம்.

திங்கட்கிழமை, கயிறும் சாமானும் வைக்கிற யார்டுக்கு எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டோம். காண்ட்ராக்டர் வந்தார். கூடவே பெங்களூர் ஆளும் வந்தார். சலவைச் சட்டை, நல்ல பூட்ஸ். யார்டில் ஒரு கம்ப்ரசர் லாரியில் ஏறக் காத்திருந்தது. அதுவும் நான்கு காது, சதுரம்.

"என்ன முனியப்பா, வெள்ளிக்கெழம கதைய நீங்களே சொல்லுங்க" என்றார் காண்ட்ராக்டர்.

முனியப்பா எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"தப்பு மாதேஷுது இல்லீங்க. என்னுது. இத்தன வருஷமா பக்கத்தத்தான் அளந்தேன். எங்க மேஸ்திரியும் அப்பிடித்தான். வர்றது எல்லாம் நீட்டு மிஷினு, அகலம் கம்மி, பக்கமும் மூலைக்கு மூலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால தெரியல. இவன் நான் போட்ட மாதிரி போட்டான். பெயிண்ட்டு விழுந்தப்போ நானும் பாத்தேன். எனக்கு ஏன்னு தெரியல. நானா இருந்தா தூக்கியிருப்பேன். இவன் நிறுத்துனான்."

அவர் இத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பசவராஜ் வாயைத் திறந்தபடி நின்றான். பெங்களூர் ஆள் தன் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அவரும் பக்கத்தை அளக்கிறவராக இருக்க வேண்டும்.

முனியப்பா ஒரு நாலு மீட்டர் கயிற்றை இழுத்து வந்தார். யாரையும் தொட விடவில்லை. கம்ப்ரசரின் ஒரு காதில் கண்ணை வைத்து, குறுக்கே, எதிர் மூலைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். குனிந்தபோது முட்டி சத்தம் போட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தூக்கலாமா, மேஸ்திரி?"

காண்ட்ராக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பெங்களூர் ஆளைத் தோளில் தட்டி டீ குடிக்கக் கூட்டிப் போனார். அப்படித்தான் அவர் முடிவு சொல்வார்.

நான் எதிர் மூலைக்குப் போனேன். கயிறு காதைத் தாண்டி இரண்டு சாண் மிச்சம் நின்றது. சாண் போட்டுப் பார்த்துவிட்டு, "தூக்கலாம் மேஸ்திரி" என்றேன்.

கிரேன்காரர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "ரெண்டு மேஸ்திரின்னா நான் யாரு கையப் பாக்கறது?"

முனியப்பா கட்டை விரலால் என்னைக் காட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.